வாரண்டித் தாளில் இடம்பெறாத வெள்ளம்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை இயந்திரங்களோடு வாழ்ந்து பழகிய ஊர்கள். 1961இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அதே பதிற்றாண்டில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், அவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளும் இப்பகுதிக் குடும்பங்களின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குக் கடைசல் வேலையையும் வெல்டிங்கையும் மோட்டார் காயில் கட்டுவதையும் கற்றுக்கொடுத்துள்ளன. ஓர் இயந்திரத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுமுன் அதன் எந்தப் பாகம், எதனால், எத்தனை ஆண்டுகளில் கெடும் என்று கேட்பது தொழிற்சாலையில் அன்றாட வழக்கம். அதே கேள்வியைச் சமையலறைக்குள்ளும் கொண்டுவந்து, பழைய ஃபிரிட்ஜை மாற்றும் வேளையில் கடைக்காரர் நீட்டும் கூடுதல் வாரண்டித் தாளின் மீது வைத்துப் பார்த்தால், இப்பகுதி வீடுகளில் ஃபிரிட்ஜை உண்மையில் வீழ்த்தும் காரணங்களுள் பெரும்பாலானவை அந்தத் தாளுக்கு வெளியே நிற்பது தெரியவரும்.

வாரண்டி என்பது, பொருள் குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்திக் குறையால் பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தருவதாக உற்பத்தி நிறுவனம் அளிக்கும் உறுதிமொழி. அதற்குரிய செலவு பொருளின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி எனப்படும் நீட்டிப்பு வாரண்டியோ தனிப் பணம் கொடுத்து வாங்கப்படும் தனியொரு சேவை ஒப்பந்தம். நிறுவனம் தரும் ஓராண்டு முடிந்த மறுநாளிலிருந்தே அது உயிர்பெறுகிறது என்பதால், மூன்றாண்டு நீட்டிப்புக்கு இன்று பணம் செலுத்துபவர் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கான கட்டணத்தை ஓராண்டு முன்னதாகவே கட்டிவிடுகிறார். அதை வழங்குபவர் உற்பத்தி நிறுவனமாகவோ, விற்பனைக் கடையாகவோ, இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நிறுவனமாகவோ இருக்கலாம். சில திட்டங்களின் பின்னால் காப்பீட்டுப் பாலிசி ஒன்று இருக்கும். சிலவற்றின் பின்னால் கடையின் சொந்த வாக்குறுதி மட்டுமே இருக்கும். நான்காம் ஆண்டில் பழுது நேரும்போது யாருடைய தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதைப் பொறுத்தே அமைவதால், வழங்குபவர் பெயரைத் தாளில் தேடிப் படிப்பதே முதல் வேலை.

அதற்கும் முன்பாக, பழைய பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். மூப்பும் பழுதும் ஒன்றல்ல. கிரைண்டரை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மாநில அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அத்தகைய டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றில் பெல்ட் அறுந்தாலும், புஷ் தேய்ந்தாலும், கெப்பாசிட்டர் போனாலும், தெருமுனைக் கடைக்காரர் அதைத் திறந்து சிறு தொகைக்குள் சரிசெய்து கொடுத்துவிடுவார். கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம். எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரிவதும், எல்லாப் பாகமும் தனித்தனியே கிடைப்பதும், திறந்து பார்க்கத் தெரிந்தவர் நடந்து போகும் தொலைவில் இருப்பதுமாகிய இம்மூன்றும் சேர்ந்ததே கிரைண்டரின் உண்மையான வாரண்டி. அதற்கு நீட்டிப்பு வாரண்டி வாங்குவது தேவையற்ற செலவு.

ஃபிரிட்ஜின் கதை வேறு. அதன் அடிப்பகுதியில் பின்புறம் இருக்கும் கம்ப்ரசர், குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்கி வெளிக்குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தைச் சமையலறைக் காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகும் அந்த வாயு, மயிரிழை போன்ற நுண்குழாய் வழியே உள்ளே சென்று மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மூடிய இந்தச் சுற்றில் ஓரிடத்தில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் வாயு மெல்லக் கசிந்து, கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் பால் திரிந்துபோகும். கதவு ரப்பரான கேஸ்கட் தளர்ந்தாலும், தெர்மோஸ்டாட் கெட்டாலும், தானே பனி உருக்கும் வகைப் பெட்டியில் அந்த உருக்கும் ஹீட்டர் எரிந்தாலும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தாம் தோன்றும் என்பதால், மெக்கானிக்கை அழைத்துப் பார்க்காமலேயே 'பெட்டி போய்விட்டது' என்று முடிவு கட்டுவது பிழையாகிவிடும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வருமிடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. அது சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடிகிற வேலை. கம்ப்ரசர் எரிந்துபோனதும், சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு ஏற்பட்டதும்தான் பத்தாண்டு தாண்டிய பெட்டிக்கு விடைகொடுப்பதற்கான உறுதியான காரணங்கள்.

மின்சாரச் செலவை மிச்சப்படுத்துவதற்காகவே மாற்றலாம் என்று கடைகளில் சொல்லப்படும் வாதத்தையும் எண்களோடு பார்ப்பது நல்லது. ஆற்றல் திறன் பணியகம் 2006இல் தொடங்கிய நட்சத்திர முத்திரைத் திட்டம், தானே பனி உருக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு 2010இல் கட்டாயமாக்கப்பட்டது. நட்சத்திரங்களுக்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், முந்தைய அளவுகோலில் ஐந்து நட்சத்திரம் பெற்ற பெட்டி இன்றைய அளவுகோலில் அதைவிடக் குறைவாகவே பெறக்கூடும். ஆகவே நட்சத்திரத்தை எண்ணுவதைவிட, முத்திரையில் அச்சிட்டிருக்கும் 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்ற எண்ணை ஒப்பிடுவதே நம்பகமானது. பழைய பெட்டி ஆண்டுக்கு 450 யூனிட்டும் புதியது 200 யூனிட்டும் எடுப்பதாகக் கொண்டால், மிச்சம் 250 யூனிட்; யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,250 ரூபாய். முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியின் விலை இவ்வகையில் திரும்பி வர 24 ஆண்டுகள் ஆகும். நல்ல நிலையில் ஓடுகிற பெட்டியை மின்கட்டணத்துக்காக மட்டும் தூக்கி எறிவதற்கு இக்கணக்கு இடம்கொடுக்கவில்லை.

ஆனால் தமிழ்நாட்டின் கட்டண முறையில் இக்கணக்கு சில வீடுகளில் மாறும். 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட அமைப்பின்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், முதல் 100 யூனிட் இலவசம் தொடர்ந்தாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகை வீதம் கைநழுவிப் போகும். மேலும் ஃபிரிட்ஜ் மிச்சப்படுத்துவது எப்போதும் அடுக்கின் உச்சியில் உள்ள யூனிட்டுகளையே. அவைதாம் விலை மிக்கவை. இரு மாதத்துக்கு 520, 530 என்று எல்லையைச் சற்றே தாண்டிக்கொண்டிருக்கும் வீட்டில் நாற்பது யூனிட் குறைவது, சராசரி வீதத்தில் போட்ட கணக்கைவிடக் கூடுதலான பலனைத் தரும். முந்தைய ஆறு ரசீதுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பம் தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

இனி, புதிய பெட்டி வாங்குவது உறுதியாகிவிட்டது எனக் கொண்டு வாரண்டிக்கு வரலாம். கடையில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும் 'பத்தாண்டு வாரண்டி' என்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்னும் ஒரே பாகத்துக்கானது. முழுப் பெட்டிக்கும் பொதுவாக ஓராண்டுதான். ஏழாம் ஆண்டில் கம்ப்ரசர் எரிந்தால் பாகம் இலவசமாகக் கிடைத்தாலும், வாயு நிரப்பும் செலவு, மெக்கானிக் கூலி, பெட்டியைப் பணிமனைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிச் சத்தம் ஆகியவை பல நிறுவனங்களில் வாடிக்கையாளர் தலையிலேயே விழுகின்றன. நீட்டிப்பு வாரண்டி வாங்கினால் முழுப் பெட்டியும் காக்கப்படும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மையே. எனினும் விதிவிலக்குகளின் பட்டியலைப் படித்த பின்னரே அந்த 'முழு' என்ற சொல்லின் அளவு விளங்கும். கண்ணாடித் தட்டுகள், பிளாஸ்டிக் பாகங்கள், விளக்கு, கதவு ரப்பர் போன்றவை பல ஒப்பந்தங்களில் சேர்க்கப்படுவதில்லை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் வந்த சேதமும், எலி கடித்த ஒயரும், வெள்ளநீர் புகுந்த சேதமும் அவ்வாறே விலக்கப்படுகின்றன.

இந்த விலக்குகளை ஊரின் நிலவமைப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். மேற்குப் புறநகர் என்பது ஏரிகளின் நிலம். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்கிறது; ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் என்று நீர்நிலைகள் தொடர்கின்றன; அவற்றின் கரையோரங்களிலும் கால்வாய்ப் பாதைகளிலும் குடியிருப்புகள் பெருகிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் மூழ்கி இயந்திரங்கள் பாழாயின. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் இப்பகுதி மறந்துவிடவில்லை. ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும், பல மாடல்களில் அதை இயக்கும் மின்னணுப் பலகையும், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் அமைந்திருப்பதால், முழங்காலைக்கூட எட்டாத தண்ணீர் ஒரே இரவில் அப்பெட்டியை முடித்துவைக்கப் போதுமானது. தரைத்தள வீட்டுக் குடும்பம் ஒன்று மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தாள், அக்குடும்பம் எதிர்கொள்ளும் மிகப் பெரிய ஆபத்தைப் பற்றிச் சொல்வது 'இதற்குப் பொறுப்பில்லை' என்ற ஒரு வரி மட்டுமே என்பது வருந்தத்தக்கது.

வெள்ளத்துக்குரிய காப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வடிவில் வழங்கிவரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் வீட்டுக் காப்பீடு, தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் நேரும் இழப்பை ஈடுசெய்கிறது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, உள்ளிருக்கும் பொருள்களும் தாமாகவே அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. இயந்திரம் தானே பழுதானால் இது உதவாது; ஆனால் வெள்ளத்தில் ஃபிரிட்ஜோடு சேர்ந்து வாஷிங் மெஷின், கட்டில், பீரோ அனைத்தும் போகும் வீட்டில், ஒரு பொருளின் வாரண்டியைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும். இரும்புச் சட்டத்தாலான உயரமான ஸ்டாண்டு ஒன்றைப் பட்டறையில் செய்வித்து, பெட்டியை அதன்மேல் நிறுத்துவதும், எலி நுழையாதபடி சமையலறை வடிகால் துளைக்கு வலை அடிப்பதும், மின்னழுத்தம் தாறுமாறாகும் தெருக்களில் ஸ்டெபிலைசர் பொருத்துவதும் எந்தத் தாளும் ஏற்காத ஆபத்துகளை நேரடியாகக் குறைக்கின்றன. ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டிகளும் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்த வரம்புக்குள்தான் அவ்வாறு இயங்கும். அந்த வரம்பு கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

விலக்குகள் போக எஞ்சிய பழுதுகளுக்காவது நீட்டிப்பு வாரண்டி பெறுமானமுள்ளதா என்பதற்குப் பொறியியலாளர் வரையும் ஒரு கோடு உதவுகிறது. இயந்திரங்கள் பழுதாகும் விகிதத்தை வயதுக்கு எதிராக வரைந்தால் அது குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுப் போலத் தோன்றும்: தொடக்கத்தில் உற்பத்திக் குறைகள் வெளிப்படுவதால் உயரமாகவும், பிறகு நெடுங்காலம் தாழ்ந்து சமதளமாகவும், இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் ஏறியும் செல்லும். தொடக்கத்தின் உயரத்தை நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி ஏற்கெனவே தாங்கிக்கொள்கிறது. இறுதியின் ஏற்றம் நீட்டிப்புக் காலம் முடிந்த பின்னரே வருகிறது. விற்கப்படுவதோ பெரும்பாலும் நடுவிலுள்ள தாழ்ந்த சமதளத்துக்கான காப்பு. வாரண்டி 3,000 ரூபாய், நேரக்கூடிய பழுதின் செலவு 6,000 ரூபாய் எனக் கொண்டால், அந்த மூன்றாண்டுகளில் அப்பழுது நேரும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் கணக்கு வாங்குபவருக்குச் சாதகமாகும். இரண்டு பெட்டிகளில் ஒன்று நான்காண்டுக்குள் அத்தகைய பழுதைச் சந்திக்குமானால், அந்த மாடலை வாங்காமலிருப்பதே நல்லது.

பிரிட்டனில் இது பொதுப் பிரச்சினையாகவே ஆராயப்பட்டது. அந்நாட்டின் போட்டி ஆணையம் 2003இல் வீட்டு மின்சாதனங்களுக்கான நீட்டிப்பு வாரண்டிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, பொருள் வாங்க வந்த இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க அவகாசமின்றி விற்கப்படுவதால் வாடிக்கையாளர் நியாயமான விலை பெறுவதில்லை என்று கண்டது. அதன் விளைவாக 2005இல் வந்த ஆணை, வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்கருகிலேயே காட்ட வேண்டும் என்றும், எழுத்தில் தரப்பட்ட விலை 30 நாட்களுக்குச் செல்ல வேண்டும் என்றும், வாங்கிய 45 நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும் விதித்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பில் கவுன்ட்டர் முன் நிற்கும் அம்பத்தூர் வாசிக்கும் இந்த அவகாசம் தேவைப்படுகிறது. பல நிறுவனங்கள் முதல் ஓராண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பை நேரடியாக விற்பதால், அன்றே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து தாளை நிதானமாகப் படிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், நீட்டிப்பு வாரண்டிக்கு நியாயம் கூடிவரும் ஒரு காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பழுதுபார்க்கும் தொழிலில் நேர்ந்துள்ள மாற்றம். இன்றைய இன்வெர்ட்டர் கம்ப்ரசர், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அதை இயக்குவது ஒரு மின்னணுப் பலகை. அப்பலகை கெட்டால் தெருமுனை மெக்கானிக் பழைய ரிலேயை மாற்றுவதுபோல மாற்றிவிட முடிவதில்லை, உரிய நிறுவனத்திடமிருந்தே வரவழைக்க வேண்டியிருக்கிறது. வாயுவும் மாறிவிட்டது. முன்பு பயன்பட்ட ஆர்-134ஏ தீப்பற்றாதது; இப்போது பரவலாகியுள்ள ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன், புவி வெப்பத்தைப் பெரிதும் கூட்டாத நல்ல பண்பைப் பெற்றிருந்தும், சமையல் எரிவாயுவைப் போலவே எளிதில் தீப்பற்றக்கூடியது. அது நிரம்பிய குழாயில் பழைய வழக்கப்படி தீச்சுடர் வைத்துப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. இதனால், முப்பதாண்டு அனுபவமுள்ள அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள், புதிய பயிற்சி கிடைக்காத காரணத்தால் மட்டுமே, வேலையிலிருந்து ஒதுக்கப்படுகிறார்கள், வேலை நிறுவனப் பணிமனைக்குச் செல்கிறது, கட்டணம் உயர்கிறது, உயர்ந்த கட்டணத்தைக் காட்டி வாரண்டி விற்கப்படுகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் வீட்டு உபயோகப் பொருள்களையும் தன் வரம்பில் சேர்த்துள்ளது; உதிரிப் பாகமும் பழுதுபார்ப்புக் கையேடும் வெளியாருக்கும் கிடைக்க வேண்டும் என்னும் அதன் நோக்கம் முழுமையாக நிறைவேறினால், தொழிற்கல்வி பெற்ற இளைஞர் நிறைந்த இப்புறநகர்களைவிட அதிகமாகப் பயனடையும் இடம் அரிது. அதுவரை, விலை உயர்ந்த இரட்டைக் கதவு இன்வெர்ட்டர் பெட்டியை வாங்குபவர், ஒரே தவணையில் எட்டாயிரம், பத்தாயிரம் என்று பழுதுச் செலவைப் புரட்ட இயலாத நிலையில் இருந்து, ஒப்பந்தம் உற்பத்தி நிறுவனத்தாலேயே தரப்பட்டு, மின்னணுப் பலகையும் வாயுவும் கூலியும் அதில் எழுத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், அதை வாங்குவது தவறாகாது. ஒற்றைக் கதவுச் சாதாரணப் பெட்டிக்கு அதே தொகையை அஞ்சலகச் சேமிப்பில் தனியே போட்டுவைப்பது மேல். பழுது வராவிட்டால் பணம் வீட்டிலேயே நிற்கும்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சட்டம் தரும் பாதுகாப்பு குறையாது. நீட்டிப்பு வாரண்டி வாங்கினால்தான் தள்ளுபடியோ மாதத் தவணையோ தருவோம் என்று நிபந்தனை விதிப்பது, ஒன்றை வாங்க மற்றொன்றையும் வாங்கக் கட்டாயப்படுத்தும் செயலாக அமையுமானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைக் 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்ற வகையில் சேர்க்கிறது. இணையத்தில் வாங்கும்போது கேட்காமலேயே வாரண்டியைக் கூடையில் சேர்த்துவிடுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் ஏமாற்று வடிவமைப்பு என்று தடைசெய்துள்ளன. முறையீட்டுக்கு முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்; தீராவிட்டால், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. கடையின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் வழிசெய்துள்ளது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நீடிக்க, அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டதால், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு குடும்பங்கள் வெவ்வேறு ஆணையங்களின் எல்லைக்குள் வரக்கூடும். எந்த ஆணையமானாலும் கேட்கப்படுவது பில்லும் வாரண்டித் தாளும்தான். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்லின் எழுத்து ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைப்பது அவசியம்.

பழைய பெட்டியின் கதி இன்னும் எஞ்சியிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் முறையில் கடைக்காரரே எடுத்துக்கொண்டால் சில நூறோ ஓரிரு ஆயிரமோ விலையில் கழியும்; காயலாங்கடைக்குப் போட்டால் இரும்புக்கும் செம்புக்கும் எடைக்கேற்பப் பணம் வரும். காயலாங்கடையில் முதலில் நடப்பது குழாயை வெட்டுவது. அந்த நொடியில் உள்ளிருக்கும் வாயு முழுவதும் காற்றில் கலந்துவிடுகிறது. பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-134ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் ஃபிரிட்ஜும் இருக்கிறது. ஆயுள் முடிந்த பொருளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாக அகற்றும் பொறுப்பு அவ்விதிகளின்படி உற்பத்தி நிறுவனத்தினுடையது. ஆகவே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும்போது அந்தப் பெட்டி எங்கே செல்கிறது என்று கடையில் கேட்டு, மறுசுழற்சிக்கு ஒப்படைத்ததற்கான ரசீதைப் பெற்றுக்கொள்ள வாடிக்கையாளருக்கு முழு நியாயம் உண்டு. கேட்பவர் பெருகினால், ரசீது கொடுக்கும் வழக்கம் கடைகளிலும் வேரூன்றும்.